கம்பெனி இல்லாமல் களத்தில் இறங்கிய அணி

நம் குடியிருப்பின் தரைத்தளத்தில் நிற்கும் வண்டிகளை ஒருமுறை நின்று பாருங்கள். ஸ்கூட்டர்களுக்கு நடுவே, துடைத்துப் பளபளப்பாக வைத்த பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 கண்ணில் படும். 98 சிசி இன்ஜின், 11 குதிரைத் திறன். 1996-ல் தயாரிப்பு நின்றுபோன பிறகும் அதை விற்க மனம் வராதவர்கள் மதுரையில் ஏராளம். அதைவிடக் கொஞ்சமே பெரிய 125 சிசி இன்ஜினில் 50 குதிரைத் திறனுக்கு மேல் கறந்த பைக்குகள் உலக சாம்பியன்ஷிப்பில் ஓடின. 2011-ல் அந்தப் போட்டிக்குச் சென்னையிலிருந்து ஒரு தனியார் அணி போனது. அதிகம் பேசப்படாத அந்தக் கதைதான் இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்துக்கு.

முதலில் ஒரு விளக்கம். 'ரோடு ரேசிங்' என்றதும் ரிங் ரோட்டில் ராத்திரி பதினொரு மணிக்கு சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கும் பையன்களை நினைத்துவிடாதீர்கள். மண் தடத்தில் ஓடும் பந்தயத்திலிருந்து பிரித்துக் காட்டவே அந்தப் பெயர். தார்த் தடம், கொடி காட்டும் மார்ஷல்கள், தயாராக நிற்கும் ஆம்புலன்ஸ், ஓட்டுபவருக்கு லைசென்ஸ் எல்லாம் இருந்தால்தான் அது பந்தயம். தமிழ்நாட்டில் இதற்கு வயது அதிகம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது 1953-ல். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் பல வருடங்கள் பந்தயம் நடந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்துக்கு முறையான தடம் வந்தது.

பந்தய அணிகளில் இரண்டு ஜாதி உண்டு. வண்டி தயாரிக்கும் கம்பெனியே நடத்துவது ஒன்று. இதற்கு உதாரணம் தேடி நாம் அதிக தூரம் போக வேண்டாம். 1911-ல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ் நிறுவனத்தின் பெயரை மேல வெளி வீதியில் இன்றும் பார்க்கலாம்; சிம்மக்கல்லிலிருந்து நடந்தே போய்விடலாம். அந்தக் குடும்பத்தின் மோட்டார் கம்பெனி 1982-லிருந்து பந்தய அணி வைத்திருக்கிறது. இன்ஜின் போனால் தொழிற்சாலையிலிருந்து வேறு இன்ஜின் வரும். மற்றது தனியார் அணி. பைக்கை விலைக்கு வாங்க வேண்டும் அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும். மெக்கானிக் சம்பளம், டயர், விமானக் கட்டணம் எல்லாவற்றுக்கும் ஸ்பான்சரைத் தேடி அலைய வேண்டும். ஒருமுறை கீழே விழுந்தால் ஓட்டுபவரின் உடம்போடு அணியின் கஜானாவும் அடிபடும்.

ராம்ஜி கோவிந்தராஜனின் டென்10 ரேசிங் இந்த இரண்டாவது ஜாதி. சான் மரினோவைச் சேர்ந்த டபிள்யூ.டி.ஆர். அணியோடு கைகோத்து, இத்தாலியின் ஏப்ரிலியா பைக்கில், 2011-ல் 125 சிசி உலக சாம்பியன்ஷிப்புக்குப் பெயர் கொடுத்தார்கள். ஓட்டப் போனவர் சென்னைப் பையன் சரத்குமார். (நடிகர் இல்லை!) முந்தைய வருடம் மார்க் மார்க்கெஸ் பட்டம் வென்ற அதே பிரிவு அது.

போனவுடன் எதிரே நின்றது 107 சதவீத விதி. தகுதிச் சுற்றில் முதலிடக்காரர் எடுத்த நேரத்தில் 107 சதவீதத்துக்குள் நீங்கள் வர வேண்டும். அவர் ஒரு சுற்றை 2 நிமிடத்தில் முடித்தால் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை 8.4 விநாடி. தாண்டினால் ஞாயிற்றுக்கிழமை வேடிக்கைதான் பார்க்க வேண்டும். எட்டு விநாடி தாராளம்போலத் தெரியும். ஆனால் சிறு வயதிலிருந்தே அந்தத் தடங்களில் உருண்டு வளர்ந்த ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம். நம் பையனுக்குத் தடமும் புதிது, வண்டியும் புதிது. ஓட்டுபவரையும் பைக்கையும் சேர்த்துக் குறைந்தது 136 கிலோ இருக்க வேண்டும் என்பது விதி. அவ்வளவு லேசான, டூ ஸ்ட்ரோக் இன்ஜின் பைக். நம் ஊர் ஷோரூம்களிலோ டூ ஸ்ட்ரோக் பைக்குகள் மறைந்து வருடங்கள் ஆகியிருந்தன.

அதே 2011-ல் இன்னொரு இந்தியப் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது: மகிந்திரா. இத்தாலியில் ஒரு பொறியியல் நிறுவனத்தையே வாங்கி, தன் பெயரில் பைக் செய்து இறக்கியது. ஓட்டியவர்கள் இங்கிலாந்தின் டேனி வெப், ஜெர்மனியின் மார்செல் ஷ்ரோட்டர். வருடக் கடைசியில் வலென்சியாவில் வெப் தகுதிச் சுற்றில் முதலிடமே பிடித்தார். பத்திரிகைகள் கொண்டாடின. பெரிய கம்பெனி கொண்டுபோனது இந்தியப் பெயர் போட்ட பைக், ஓட்டியது வெளிநாட்டவர். சின்ன அணி கொண்டுபோனது வெளிநாட்டு பைக், ஓட்டியது நம் ஆள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கஷ்டம். பணம் இருந்தால் பைக்கை ஒரே வருடத்தில் செய்துவிடலாம். உலகத் தரத்தில் ஓர் ஓட்டுநரை உருவாக்கப் பத்து வருடமாவது வேண்டும்.

முடிவு? முதல் 15 இடங்களுக்குத்தான் புள்ளி. சரத்குமாருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு 17 பந்தயங்கள், பட்டம் ஸ்பெயினின் நிக்கோ டெரோலுக்கு. இதில் நேரம் சரியில்லாததும் உண்டு. 125 சிசி பிரிவுக்கு அதுவே கடைசி வருடம். 2012-ல் அந்த இடத்துக்கு 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் பைக்குகளோடு மோட்டோ3 வந்தது. பழைய பைக்கும் உதிரிப் பாகங்களும் அந்தக் களத்தில் செல்லாக்காசு. எல்லாவற்றையும் புதிதாக வாங்கியாக வேண்டும். கம்பெனிக்கு அது அடுத்த பட்ஜெட், சின்ன அணிக்கு அது முட்டுச்சுவர். புதிய பிரிவின் பட்டியலில் டென்10 இல்லை.

மகிந்திரா தாக்குப்பிடித்தது. 2016-ல் நெதர்லாந்தின் அசென் தடத்தில் பிரான்செஸ்கோ பன்யாயா அதற்கு முதல் வெற்றியை வாங்கிக்கொடுத்தார். பின்னாளில் மோட்டோஜிபி சாம்பியனே ஆகிவிட்ட அதே பன்யாயா. 2017 முடிவில் மகிந்திராவும் கடையைக் கட்டியது. டென்10 ஹோண்டாவோடு சேர்ந்து நம் நாட்டுப் பந்தயங்களில் தொடர்ந்தது. சரத்குமார் ஆசியப் போட்டிகளுக்குத் திரும்பினார், தொடர்ந்து ஓட்டினார்.