சபர் சென்ற நகரில் ஒரு சோதனைக் காலம்
சிங்கப்பூர், 1915



நம் கடற்கரை ஊர்களில் 'சபராளி' என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. கடல் கடந்து பொருள் தேடச் சென்றவரை அப்பெயரால் அழைத்தனர் நம் பெரியோர். அவர்கள் சென்ற நாடுகளைப் பற்றி நாம் அறிந்திருப்பதெல்லாம் பெரும்பாலும் அவர்கள் கொண்டுவந்த பொருள்களைக் கொண்டுதான். பீங்கான் கோப்பையும் தகரப் பெட்டியும் கைலியும் வந்த கதை நமக்குத் தெரியும். அந்நகரங்களில் அவர்கள் எத்தகைய அச்சத்தினூடே வாழ்ந்தனர் என்பது அவ்வளவாகத் தெரியாது. இக்கட்டுரை சிங்கப்பூரைப் பற்றியது. அதிலும் குறிப்பாக 1915-ஆம் ஆண்டைப் பற்றியது.

நாகப்பட்டினத்திலிருந்து புறப்படும் கப்பல் பினாங்கு வழியாகச் சிங்கப்பூரை அடையும். மேல்தளப் பயணிகளாக வந்திறங்கிய நம்மவர்க்கு அந்நகரம் முற்றிலும் அந்நியமாக இருந்ததில்லை. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1826-இல் சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசல் இருந்தது. அதனைப் 'பெரிய பள்ளி' என்றே வழங்கினர். தெலுக் ஆயர் தெருவில், 1827-இல் குடிசையாகத் தொடங்கியதால் 'குச்சுப் பள்ளி' எனப் பெயர் பெற்ற அல் அப்ரார் பள்ளியும், அதே தெருவில் நாகூர் தர்காவின் நினைவாக எழுப்பப்பட்ட கட்டடமும் இருந்தன. இத்தெரு ஒரு காலத்தில் கடலோரத் தெரு. கடலைத் தூர்த்து நிலமாக்கிய பின்னரே அலை அதனை விட்டு விலகிச் சென்றது. வந்திறங்கியவர் முதலில் இங்கு வந்து இறைவனுக்கு நன்றி செலுத்திவிட்டே வேலை தேடிப் புறப்பட்டார் என எண்ணுவதில் தவறில்லை.

வேலைக்குக் குறைவில்லை. நாணயம் மாற்றுவோர், மளிகை வணிகர், தோணிக்காரர், துறைமுகக் கூலிகள் எனப் பலதரப்பட்டோர் நம்மவரில் இருந்தனர். தஞ்சோங் பகார் கப்பல் துறையை 1905-இல் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் மின்சார டிராம் வண்டியும் ஓடத் தொடங்கியது; ஆயினும் தெருவெங்கும் சீனர் இழுத்த ரிக்‌ஷாக்களே மிகுதி. 1913-இல் 'கிங்ஸ் டாக்' எனும் பெரும் பழுதுபார்க்கும் துறை திறக்கப்பட்டது. சுற்றியுள்ள தீவுகளிலிருந்து ஹஜ்ஜுக்குச் செல்வோர் கப்பல் ஏறும் இடமாகவும் சிங்கப்பூர் விளங்கிற்று. ஆதலால் பல மொழி பேசும் முஸ்லிம்கள் ஒரே ஸஃப்பில் நின்று தொழும் காட்சி அங்கே வழக்கமான ஒன்றாயிருந்தது.

துறைமுகம் இருந்த இடத்தில் பட்டாளமும் இருந்தது. உலகப் போர் மூண்டபின், அங்கிருந்த வெள்ளையர் படைப்பிரிவு ஐரோப்பியப் போர்க்களத்திற்கு அனுப்பப்பட்டது. நகரைக் காக்கும் பொறுப்பு, 1914 அக்டோபரில் இந்தியாவிலிருந்து வந்த 5-ஆம் இலகு காலாட்படையின் மேல் விழுந்தது. ஏறக்குறைய 800 பேர் கொண்ட அப்படையினர் அனைவரும் முஸ்லிம்கள். ஒரு பாதி இராஜபுத்திர முஸ்லிம்கள், மறுபாதியில் பட்டாணியரே மிகுதி. தமிழர் எவரும் அதில் இல்லை. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அதே ஆண்டு நவம்பரில் துருக்கிய உதுமானியப் பேரரசு ஜெர்மனியின் பக்கம் போரில் இறங்கியது. கலீஃபாவின் பெயரால் ஜிஹாத் அறிவிப்பும் வெளியாயிற்று. சக முஸ்லிம்களாகிய துருக்கியரை எதிர்த்துப் போரிடவே தம்மை அனுப்பப் போகிறார்கள் என்ற வதந்தி படைவீடெங்கும் பரவியது. படைத்தலைவர் மீது அதிகாரிகளுக்கே மதிப்பில்லாமையும், பதவி உயர்வு பற்றிய மனக்கசப்பும் சேர்ந்துகொண்டன. கம்போங் ஜாவா பள்ளியைச் சேர்ந்த நூர் ஆலம் ஷா என்பவரின் பேச்சும், குஜராத்தி வணிகரான காசிம் மன்சூரின் தொடர்பும் வீரர்களைத் தூண்டின எனப் பின்னர் அரசு கூறிற்று. உண்மையில் அப்படை செல்லவிருந்தது ஹாங்காங்கிற்கு. 1915 பிப்ரவரி 15 காலையில் வழியனுப்பும் அணிவகுப்பில் தளபதி உரையாற்றினார். செல்லுமிடம் ஹாங்காங் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. ஒரு சொல்லை வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் எத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்கும் என இன்று எண்ணத் தோன்றுகிறது.

அன்று சீனப் புத்தாண்டு விடுமுறை. பிற்பகலில் அலெக்சாண்டிரா படைவீட்டில் வெடிமருந்துப் பெட்டிகளை வண்டியில் ஏற்றுகையில் முதல் குண்டு வெடித்தது. படையில் ஏறக்குறையப் பாதிப் பேரே கலகத்தில் இறங்கினர்; மற்றவர் சிதறி ஓடினர் அல்லது ஒதுங்கி நின்றனர். ஒரு கூட்டத்தினர் தங்லினில் அடைக்கப்பட்டிருந்த ஜெர்மன் கைதிகளை விடுவித்தனர். அவர்களுள் 'எம்டன்' கப்பலின் மாலுமிகளும் இருந்தனர். 1914 செப்டம்பர் 22-இல் சென்னை மீது குண்டு வீசி, கெட்டிக்காரனை 'எம்டன்' என்று அழைக்கும் வழக்கத்தைத் தமிழுக்குத் தந்த அதே கப்பல்தான். ஆயினும் பெரும்பாலான ஜெர்மானியர் கலகத்தில் சேரவில்லை. சிலர் தப்பிச் சென்றனர்.

ஆங்கிலேயர் தம் கப்பல் வீரர்களோடு பிரெஞ்சு, ரஷ்ய, ஜப்பானியக் கப்பல்களின் வீரர்களையும் இறக்கினர். ஜொகூர் சுல்தானின் படையும் உதவிக்கு வந்தது. ஒரு வாரத்திற்குள் கலகம் அடங்கிற்று. அதிகாரிகள், ஆங்கிலேயக் குடிமக்கள், சீனர், மலாயர் என 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வழியில் சென்ற நிராயுதபாணிகளைச் சுட்டதும் நடந்தது. அதனை எவரும் நியாயப்படுத்த இயலாது.

தண்டனையும் கொடியதாகவே இருந்தது. மரண தண்டனை நிறைவேற்றப்பட்டோர் 47 பேர். ஊட்ரம் சிறையின் மதிற்சுவர் ஓரமாக, பொதுமக்கள் பார்க்க, வீரர்களை நிறுத்திச் சுட்டனர். மார்ச் 25-ஆம் நாள் ஒரே வேளையில் இருபதுக்கும் மேற்பட்டோர் சுடப்பட்டனர். வேடிக்கை பார்க்கப் பல்லாயிரவர் கூடினர். காசிம் மன்சூர் மே 31-இல் தூக்கிலிடப்பட்டார். விசாரணை அறிக்கையைப் பல பத்தாண்டுகள் மக்கள் கண்ணில் படாமல் வைத்திருந்தனர்.

நம்மவர் கதை இதற்குப் பின்புதான் தொடங்குகிறது. கலகம் செய்தவர் வடநாட்டுப் படைவீரர். பெட்டிக் கடையில் நாணயம் மாற்றியவருக்கும் துறையில் மூட்டை தூக்கியவருக்கும் அதில் பங்கில்லை. ஆயினும் சிங்கப்பூரிலிருந்த இந்தியர் அனைவரும் அரசிடம் தம்மைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற ஆணை பிறந்தது. மூன்று தலைமுறைகளாக வரி செலுத்தி, பள்ளிவாசல் கட்டி, அந்நகரின் வணிகத்தை வளர்த்த சமூகத்தினர், நேற்று இறங்கியவரோடு ஒன்றாக வரிசையில் நிற்க நேர்ந்தது. மார்ச் மாதத்தில் விக்டோரியா நினைவு மண்டபத்தில் முஸ்லிம்களின் பெருங்கூட்டம் கூடி, அரசுக்கு விசுவாசம் தெரிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. இதனை அடிமைப் புத்தி எனச் சிலர் இன்று எள்ளி நகையாடக்கூடும். குடும்பமும் கடையும் கடனும் உள்ளவனாய், துப்பாக்கி ஏந்திய நகரில் நின்று பார்த்தால்தான் அத்தீர்மானத்தின் பொருள் விளங்கும் என்பது எனது கருத்து. உள்ளத்தில் கலீஃபாவின் மீது பற்றும், உதட்டில் மன்னர் ஜார்ஜின் பெயருமாக அன்று எத்தனை பேர் அம்மண்டபத்தில் நின்றிருப்பர் என்பதை அல்லாஹ்வே நன்கறிவான்.

அவ்வளவுக்குப் பின்னரும் சபர் நிற்கவில்லை. அடுத்த ஆண்டுகளில் கடையநல்லூர், தென்காசிப் பகுதி முஸ்லிம்கள் பெருமளவில் சென்று துறைமுக வேலைகளில் சேர்ந்தனர். அவர்களில் பலர் மனைவி மக்களையும் அழைத்துச் சென்றனர். அப்பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினர். 5-ஆம் இலகு காலாட்படையில் எஞ்சியோர் 1915-இலேயே ஆப்பிரிக்கப் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர்; 1922-இல் அப்படை கலைக்கப்பட்டது. தெலுக் ஆயர் தெருவின் நாகூர் தர்கா கட்டடம் 2011-இல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாகத் திறக்கப்பட்டது. ஊட்ரம் சிறை 1963-இல் இடிக்கப்பட்டது.