மூச்சின் வரலாறு: சிலிண்டர் ஹெட் பற்றிச் சில குறிப்புகள்

கார் எஞ்சின்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கொள்ளளவையே முதலில் குறிப்பிடுகின்றனர். பல்லடத்துப் பட்டறையில் பழைய எஞ்சினைப் புதுப்பிக்கும் மெக்கானிக்கோ 'ஹெட்டு எப்படி இருக்குது?' என்றே முதலில் கேட்பார். எஞ்சின் காற்றை உள்வாங்குவதும் புகையை வெளிவிடுவதும் அதன் வழியேதான். நம் நாட்டுக் கார்களின் வரலாற்றை அந்த ஒற்றை உறுப்பைக் கொண்டே நாம் வாசித்துவிட முடியும்.

அம்பாசிடரின் தொடக்கக் கார்களில் 1476 சி.சி. எஞ்சின் இருந்தது. அதன் வால்வுகள் பக்கவாட்டில், பிளாக்கிலேயே அமைந்திருந்தன; ஹெட் வெறும் மூடியே. காற்று வளைந்து நெளிந்து உள்ளே சென்றது. 1959-இல் வால்வுகள் ஹெட்டிற்கு ஏறிய 1489 சி.சி. எஞ்சின் வந்தது. கொள்ளளவில் கூடியது 13 சி.சி. மட்டுமே. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரில் இவ்விரு வகை எஞ்சின்களும் முறையே ஏறத்தாழ 41, 50 குதிரைத்திறன் தந்தன என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

எனினும் புதிய ஹெட்டிலும் ஒரு குறை இருந்தது. நான்கு சிலிண்டர்களுக்கு இரண்டே உள்வழிகள். இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரு வழியைப் பகிர்ந்துகொண்டன. அது வார்ப்பிரும்பால் ஆனது. கனமானது, ஆனால் சூட்டைப் பொறுத்துக்கொள்ளும். பியட் 1100-இன் ஹெட் அலுமினியம். எடை குறைவு, வெப்பத்தையும் விரைந்து கடத்தும். ஆனால் தண்ணீர் வற்றி எஞ்சின் கொதித்துவிட்டால் வளைந்துவிடும். பிறகு அதன் முகத்தைச் சீவிச் சமன் செய்தாக வேண்டும். அளவுக்கு மீறிச் சீவினால் அழுத்த விகிதம் உயர்ந்து எஞ்சின் 'தட்டத்' தொடங்கும்.

1983 டிசம்பரில் வந்த மாருதியின் 796 சி.சி. எஞ்சினில் கேம் ஷாப்டும் ஹெட்டிற்கே ஏறிவிட்டது. மூன்று சிலிண்டர்களுக்கு ஆறு வால்வுகள். 2000-இல் வந்த ஆல்ட்டோவில் அதே கொள்ளளவுக்குப் பன்னிரண்டு வால்வுகள் அமைந்தன. எரிபொருளைப் பீய்ச்சும் முறையும் உடன்சேர, திறன் சுமார் 37-இலிருந்து 46 குதிரைத்திறனாக உயர்ந்தது.

கோவையைச் சேர்ந்த கரிவரதன், 1980களின் இறுதியில் பார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கியபோது எடுத்துக்கொண்டது இந்த மாருதி 800 எஞ்சினையே. விலைமிக்க அயல்நாட்டு எஞ்சினை வாங்க இயலாத இளைஞருக்கும் பந்தயத்தில் இடம் கிடைத்தது. அதில் ஓட்டிப் பழகிய கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன்றை எட்டினார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். பல்லடத்திற்கு மேற்கே செட்டிபாளையத்திலுள்ள பந்தயத்தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பந்தயக்காரர் பெயர் நிலைத்தது. ஆனால், வால்வு இருக்கையைத் தேய்த்து, நூலிழை அளவு பார்த்து ஹெட்டைச் சீவிய லேத்துத் தொழிலாளர் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. மின்கார்களுக்குச் சிலிண்டரும் இல்லை, ஹெட்டும் இல்லை. கொங்கு நாட்டின் தொழில் வரலாற்றை ஆலைகளையும் பம்புசெட்டுகளையும் கொண்டு எழுதும் நாம், இக்கைவினைக்கும் அதில் ஓர் அதிகாரம் ஒதுக்க வேண்டும். அதைச் சொல்லக்கூடிய முதியவர்கள் பட்டறைகளில் இருக்கும்போதே.