மேரி கட்டடத்துல மேரி யாரு? மேயரைத் தொலைச்ச ஊரின் கதை

இந்த எபிசோடு முழுக்க நம்ம பாண்டியைப் பத்திதான். பீச் ரோடு போனவங்க எல்லாருக்கும் ஒரு கட்டடம் தெரியும். கடலைப் பாத்து நிக்கிற பெரிய பிரெஞ்சு பாணிக் கட்டடம். யாரைக் கேட்டாலும் "மேரி கட்டடம்"னு சொல்வாங்க. அதைக் கேக்குற வெளியூர் ஃபிரெண்ட்ஸ், மேரின்னு ஒரு மகாராணியோ, துரைசானியோ இருந்திருப்பாங்கன்னு நினைப்பாங்க.

அப்படி யாரும் இல்லை. 'மேரி'ன்னா பிரெஞ்சுல மேயர் அலுவலகம். அவ்வளவுதான். நம்ம ஊர் வாய்க்குள்ள வந்து அது ஒரு பொண்ணு பேராவே மாறிடுச்சு. சரி, மேயர் அலுவலகம் இருக்கு. மேயர் எங்கே? இன்னிக்கு கதை இந்தக் கேள்விதான். இதுக்குப் பதில் தேடிப் போனா, 140 வருஷத்துக்கு மேல பின்னாடி போக வேண்டியிருக்கு. அதுக்கும் முன்னாடி, உப்பளத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

உப்பு விளைஞ்ச இடம்

பாண்டி வரைபடத்துல பழைய நகரம் ஒரு முட்டை மாதிரி இருக்கும். சுத்தி நாலு பக்கமும் புல்வார் சாலைகள். தெற்குப் புல்வார்தான் இன்னிக்கு சுப்பையா சாலை. அதுக்கு அந்தப் பக்கம், கோட்டுக்கு வெளியே இருக்கிறது உப்பளம். இன்னிக்கு அங்கே துறைமுகம், இந்திரா காந்தி விளையாட்டு அரங்கம், நான் தினமும் வண்டி ஓட்டுற அம்பேத்கர் சாலை எல்லாம் இருக்கு. பேரைப் பாத்தாலே தெரியும், உப்பு விளைஞ்ச இடம்.

அந்த உப்புக்கு என்ன ஆச்சு? நெப்போலியன் போர்கள் முடிஞ்ச சமயம், 1815ல, பிரிட்டிஷ்காரங்களும் பிரெஞ்சுக்காரங்களும் ஐரோப்பாவுல உக்காந்து ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. இந்தியாவுல உப்பு வியாபாரம் பிரிட்டிஷ் கம்பெனியோட ஏகபோகம். பிரெஞ்சுப் பகுதியில விளையிற உப்பு அதுக்குத் தொந்தரவு. 1818ல இன்னொரு ஒப்பந்தம் வந்துச்சு. அதன்படி பிரெஞ்சுப் பகுதிகள்ல உப்பு உற்பத்தியையே நிறுத்தணும். உப்பளம் வெச்சிருந்தவங்களுக்கு வருஷத்துக்கு 4,000 வராகன் நஷ்டஈடு.

அளத்துக்குச் சொந்தக்காரங்களுக்காவது நஷ்டஈடு எழுதப்பட்டுச்சு. பாத்தி கட்டினவங்க, உப்பு வாரினவங்க, மூட்டை சுமந்தவங்க? அவங்ககிட்ட யாரும் கேக்கல. கேக்குறதுக்கு ஒரு சபையும் இந்த ஊர்ல அப்போ கிடையாது. நிலம் இங்கே இருக்கு, முடிவு வேற எங்கேயோ நடக்குது. இதை மனசுல வெச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் இது கூடவே வரும்.

1880 மார்ச் 12

மேரி கட்டடம் கட்டினது 1870–71ல. அதுக்கு வேலை வந்தது கொஞ்சம் பின்னாடி. பிரான்சுல ராஜாவெல்லாம் போய் மூன்றாவது குடியரசு வந்த காலம். 1880 மார்ச் 12 அன்னிக்கு வந்த ஒரு ஆணை, பிரெஞ்சு இந்தியாவுல 10 கம்யூன்களை உண்டாக்குச்சு. பாண்டிச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். காரைக்கால் பக்கம் மூணு. அப்புறம் மாஹே, ஏனாம், சந்திரநாகூர். 1907ல இது 17 ஆச்சு. ஒவ்வொரு கம்யூனுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில், அதுக்கு ஒரு மேயர். நம்ம ஊர்ல இன்னிக்கும் "கொம்யூன் பஞ்சாயத்து"ன்னு சொல்றோமே, அந்த வார்த்தை இங்கேருந்து வந்ததுதான்.

ஆனா ஓட்டு எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. பெண்களுக்குக் கிடையவே கிடையாது. ஆண்கள்லயும் ஐரோப்பியர்களுக்குத் தனிப் பட்டியல், இந்தியர்களுக்குத் தனிப் பட்டியல். தலைக்கணக்குல கையளவு இருந்த ஐரோப்பியர்களுக்கு, அவங்க எண்ணிக்கைக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு இடம். 1884ல மூணாவதா இன்னொரு பட்டியலும் வந்துச்சு, 'ரெனோன்சான்'களுக்கு. அதாவது, சாதி, மத வழக்கச் சட்டங்களை விட்டுட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏத்துக்கிட்டவங்க.

இதுல ரெண்டு பேரைத் தெரிஞ்சுக்கணும். ஒருத்தர் பொன்னுத்தம்பி பிள்ளை, வக்கீல். 1873ல ஐரோப்பியர் மாதிரி ஷூ போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குள்ள போனார்னு அவரைத் தண்டிச்சாங்க. அவர் விடல. பாரிஸ் வரைக்கும் போய் ஜெயிச்சார். 1881ல பிரெஞ்சுச் சட்டத்தை ஏத்துக்கிட்டு லாப்போர்த்னு குடும்பப் பேர் வெச்சுக்கிட்டார். இன்னொருத்தர் சண்முக வேலாயுத முதலியார். பழைய வழக்கங்களைக் காப்பாத்தணும்ங்கிற பக்கம். அவர் காலத்துல பாண்டி அரசியலையே கையில வெச்சிருந்தவர் அவர்தான். ஒரு சின்ன ஊர், அதுக்குள்ள ஒரு கவுன்சில். சமத்துவமா, வழக்கமாங்கிற பெரிய சண்டை அதுக்குள்ளயும் நடந்துச்சு.

தேர்தல்ல அடிதடி, கள்ள ஓட்டு எல்லாம் உண்டு. பொற்காலம்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா ஒண்ணு மாறுச்சு. பிறப்பு இறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு, கம்யூனோட வரவு செலவு இதுக்கெல்லாம் கதவைத் தட்ட ஒரு ஆள் இருந்தார். அந்த ஆளுக்கு அடுத்த தேர்தல்னு ஒரு பயமும் இருந்துச்சு.

ஒரு நாட்டோட கேள்வி, கவுன்சிலர் கையில

இனிமே வர்ற பகுதி நம்மள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் தனித்தனிப் பட்டியல் போய், பெண்கள் உட்பட எல்லாருக்கும் ஒரே ஓட்டு வந்துச்சு. 1947ல இந்தியாவுக்கு விடுதலை, பாண்டிக்கு இல்லை. பிரெஞ்சு அரசியல் சட்டத்துல ஒரு விதி: மக்கள் சம்மதம் இல்லாம எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 1948 ஜூன்ல ரெண்டு அரசுகளும் பேசி, எப்போ எப்படி வாக்கெடுப்பு நடத்துறதுன்னு நகராட்சிக் கவுன்சில்கள் முடிவு பண்ணட்டும்னு விட்டாங்க. அதுக்காகவே அந்த அக்டோபர்ல நகராட்சித் தேர்தல் நடந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. நம்ம தெரு விளக்கைப் பாத்துக்க வேண்டிய கவுன்சிலர்கிட்ட, "நீங்க எந்த நாடு?"ங்கிற கேள்வியைக் கொடுத்திருக்காங்க.

சந்திரநாகூர்ல 1949ல மக்களே நேரா ஓட்டுப் போட்டு இந்தியா பக்கம் போனாங்க. இங்கே இழுத்துக்கிட்டே போச்சு. கடைசியில, 1954 அக்டோபர் 18, கீழூர். பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சிக் கவுன்சிலர்களுமா மொத்தம் 178 பேர். 170 பேர் இந்தியாவோட இணையணும்னு ஓட்டுப் போட்டாங்க, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கை மாறுச்சு. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16.

அதாவது நாம இன்னிக்கு இந்தியாவுல இருக்கிறதுக்கு, போராடின தொழிலாளிகளும் கட்சிகளும் ஒரு காரணம்னா, கடைசிக் கையெழுத்துல கவுன்சிலர்களுக்கும் பங்கு உண்டு.

38 வருஷ இடைவெளி

இப்படிப்பட்ட கவுன்சிலை அதுக்கு அப்புறம் நாம என்ன பண்ணோம்? 1968ல நகராட்சித் தேர்தல் நடந்துச்சு. 1973ல புதுச்சேரி நகராட்சிகள் சட்டம் வந்து, பிரெஞ்சு காலத்து ஏற்பாட்டுக்குப் பதிலா நம்ம ஊர் மாதிரி ஏற்பாடு. மேயர்ங்கிற சொல் போய், சேர்மன், கமிஷனர். ஆனா சேர்மனைத் தேர்ந்தெடுக்கத் தேர்தல் வேணுமே? அது வரல. எழுபதுகள் போச்சு, எண்பதுகள் போச்சு. 1993ல 74வது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து, நகராட்சிக்கு 5 வருஷத்துக்கு ஒருதரம் தேர்தல்னு அரசியல் சட்டமே சொன்ன பிறகும் வரல. அடுத்த தேர்தல் நடந்தது 2006ல. 38 வருஷம்!

அந்தக் கவுன்சிலோட காலம் 2011ல முடிஞ்சுது. அதுக்கு அப்புறம் 2021ல தேதி அறிவிச்சாங்க, வாபஸ் வாங்கினாங்க, திருத்தித் திரும்ப அறிவிச்சாங்க. வார்டு ஒதுக்கீட்டுல வழக்கு, போராட்டம். நின்னே போச்சு.

நாம மட்டும் இப்படி இல்லை, நியாயமா அதையும் சொல்லணும். சென்னை மாநகராட்சிக் கவுன்சிலை 1973ல கலைச்சு, 1996 வரைக்கும் தேர்தலே இல்லாம ஓட்டினாங்க. தமிழ்நாட்டு நகரங்கள்ல 2011க்கு அப்புறம் 2022 பிப்ரவரியிலதான் தேர்தல். ஆனா அங்கே வந்துச்சு.

கணக்கு போட்டுப் பாருங்க. 2006ல 18 வயசு ஆகாதவங்க, அதாவது 1988க்கு அப்புறம் பாண்டியில பிறந்தவங்க, தன் வார்டுக்குக் கவுன்சிலரைத் தேர்ந்தெடுத்து ஒரு ஓட்டுகூடப் போட்டதில்லை. இதைக் கேக்குற பாண்டிக்காரங்கள்ல பெரும்பாலானவங்க அந்தக் கணக்குலதான் வருவீங்க.

2021 பிப்ரவரி 25

2014 நவம்பர் 29, நல்ல மழை. மேரி கட்டடம் இடிஞ்சு விழுந்துச்சு. உலக வங்கி உதவியில, பழைய வடிவத்துலயே திரும்பக் கட்டினாங்க. 2021 பிப்ரவரி 25 அன்னிக்குப் பிரதமர் திறந்து வெச்சார். அதே நாள், அதே நிகழ்ச்சியில, உப்பளத்துக்கும் ரெண்டு விஷயம் இருந்துச்சு. துறைமுகத்தை மேம்படுத்த சாகர்மாலா திட்டத்துல அடிக்கல். இந்திரா காந்தி விளையாட்டு வளாகத்துல 400 மீட்டர் செயற்கை ஓடுதளத்துக்கு கேலோ இந்தியா திட்டத்துல அடிக்கல்.

இதெல்லாம் வேண்டாம்னு நான் சொல்லல. ஓடுதளம் வந்தா நம்ம பசங்க ஓடப் போறாங்க, நல்லதுதானே. ஆனா அந்த நாளைக் கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. மேயர் அலுவலகம் திறக்குறாங்க, மேயர் கிடையாது. துறைமுகத்துக்கும் மைதானத்துக்கும் பணம் வருது, "துறைமுகத்துக்கு லாரி வந்தா அம்பேத்கர் சாலையில ஸ்கூல் பசங்க எப்படி ரோட்டைக் கடப்பாங்க?"ன்னு எழுந்து கேக்க ஒரு வார்டு உறுப்பினர் கிடையாது. 1818ல எப்படியோ, 2021லயும் அப்படித்தான். நிலம் இங்கே, முடிவு வேற எங்கேயோ. இந்தத் தரம் நமக்குக் கிடைச்சது நல்ல விஷயமா இருந்திருக்கலாம். கேள்வி கேக்குற நாற்காலி மட்டும் காலி.

அரசியல் சட்டத்தோட 12வது அட்டவணைன்னு ஒண்ணு இருக்கு. நகராட்சிக்கு ஒப்படைக்கக்கூடிய 18 வேலைகளோட பட்டியல். நகரத் திட்டமிடல், சாலை, பாலம், குடிநீர், பூங்கா, விளையாட்டு இடம், தெரு விளக்கு, வண்டி நிறுத்துமிடம், பஸ் ஸ்டாப். நாம இன்ஸ்டாவுல பாண்டியைப் பத்திப் புலம்புற எல்லாமே அந்தப் பட்டியல்ல இருக்கு. வீக்கெண்டு வந்தா நகரர முடியாத டிராஃபிக், நடக்க இடம் இல்லாத நடைபாதை, மழை வந்தா ரோட்டுக்கு ஏறுற வாய்க்கால் தண்ணி. எல்லாமே.

எம்எல்ஏ இருக்காரே, போதாதா?

இதை யாராவது கண்டிப்பா கேப்பீங்க. நியாயமான கேள்வி. புதுச்சேரியில 30 எம்எல்ஏ தொகுதிகள். 2011 கணக்கெடுப்புல மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம். சராசரியா ஒரு எம்எல்ஏவுக்கு 40 ஆயிரத்துச் சொச்சம் பேர். தமிழ்நாட்டுல ஒரு தொகுதிக்கு லட்சக்கணக்குல வரும். அதனால நம்ம எம்எல்ஏவே சாக்கடையையும் பாக்குறார், கல்யாணத்துக்கும் வர்றார். தேர்தல் தள்ளிப் போனதுக்கு வழக்கு, ஒதுக்கீடு எல்லாம் காரணமா சொல்லப்பட்டாலும், வார்டுல இன்னொரு ஆள் முளைக்கிறதை யாரும் பெருசா விரும்பலங்கிறதும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். இது என் கருத்து.

ஆனா ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. எம்எல்ஏகிட்ட நாம போறது உதவி கேக்க. மனு கொடுக்குறோம், அவர் மனசு வெச்சா நடக்குது. கவுன்சில்னா பட்ஜெட் மேசை மேல இருக்கும். பூங்காவுக்கு எவ்வளவு, வேகத்தடைக்கு எவ்வளவு, உப்பளத்துக்கு எவ்வளவு, ஒயிட் டவுனுக்கு எவ்வளவுன்னு எல்லார் முன்னாடியும் சண்டை போட்டு, ஓட்டெடுத்து, எழுதி வைக்கணும். யார் எந்தப் பக்கம் கை தூக்கினாங்கன்னு பதிவு இருக்கும். அடுத்த தேர்தல்ல அந்தப் பதிவை எடுத்து நீட்டலாம். உதவிங்கிறது அந்த இடத்துலதான் உரிமையா மாறுது.

கவுன்சில் வந்தா நாளைக்கே ரோடு பளபளன்னு ஆகிடும்னு நான் சொல்லல. 1880ல இருந்து வந்த கவுன்சில்கள்ல நல்லதும் கெட்டதும் உண்டு. ஆனா கெட்டதா இருந்தா மாத்தலாம். இல்லாததை எப்படி மாத்துறது?

முடிக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு வேலை. அப்போ ஓட்டுப் போடுற வயசு 21. அதனால 1968ல நகராட்சிக்கு ஓட்டுப் போட்டவங்களுக்கு இன்னிக்கு 75 தாண்டியிருக்கும். உங்க வீட்டுல தாத்தா, ஆயா யாராவது இருந்தா, "மேயர் தேர்தல்ல யாருக்கு ஓட்டுப் போட்டீங்க, அவர் உங்க தெருவுக்கு என்ன பண்ணார்?"னு கேளுங்க. போன்ல பதிவு பண்ணி எங்களுக்கு அனுப்புங்க. அந்தக் குரல்களை வெச்சே இன்னொரு எபிசோடு பண்ணலாம். அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டுடுங்க மக்களே. அடுத்த வாரம் பாப்போம்.