கிளார்க் மின்வாய்

நீரிலோ குருதியிலோ கரைந்துள்ள ஆக்சிஜனை மின்னோட்டத்தின் வழியே அளக்கும் இக்கருவி, அமெரிக்க உயிர்வேதியியலாளர் லேலண்ட் கிளார்க் (1918–2005) பெயரால் வழங்குகிறது. பிளாட்டின எதிர்மின்வாயும் வெள்ளி நேர்மின்வாயும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைந்திருக்க, வளிமங்களை மட்டும் ஊடுருவவிடும் மெல்லிய சவ்வு அவற்றை வெளிநீரிலிருந்து பிரிக்கிறது. ஏறத்தாழ 0.6 முதல் 0.8 வோல்ட் மின்னழுத்தத்தில், சவ்வைக் கடந்த ஆக்சிஜன் பிளாட்டினத்தின் மேல் எலக்ட்ரான்களை ஏற்று ஒடுக்கமடைகிறது. அப்போது எழும் மின்னோட்டம் ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. இவ்வொடுக்கம் ஒரே தொடராக நிகழ்கிறதா, ஹைட்ரஜன் பெராக்சைடு வழியாக இரு படிகளில் நிகழ்கிறதா என்பது பிளாட்டினப் பரப்பின் நிலையைப் பொறுத்தது என்பர்.

கரைந்த ஆக்சிஜனை அளக்க 1888இல் ஹங்கேரியரான வின்க்லர் வகுத்த, மாங்கனீசையும் அயோடினையும் கொண்டு தரம்பார்க்கும் முறை இன்றும் ஒப்பீட்டு அளவுகோலாக உள்ளது. மின்வேதி அளவீட்டின் தொடக்கத்தைச் சிலர் 1897இல் டானீல் செய்த ஆய்வில் காண்கின்றனர். வேறு சிலர் 1922இல் பிராகில் ஹெய்ரோவ்ஸ்கி துளித்துளியாக விழும் பாதரச மின்வாயைக் கொண்டு செய்த ஆய்விலிருந்தே கணக்கிடுகின்றனர். பாதரச மின்வாயைப் பயன்படுத்திய ஆய்வாளர்களுக்குக் கரைந்த ஆக்சிஜன் ஓர் இடையூறு. பிற பொருள்களை அளக்குமுன் நைட்ரஜனைக் குமிழியிட்டு அதனை வெளியேற்றினர்.

குருதியில் அளக்க முயன்றோருக்கு, புரதங்கள் பிளாட்டினத்தின் மேல் படிந்து அளவைக் கெடுப்பது பெருந்தடையாக இருந்தது. கிளார்க் 1953இல் வெளியிட்ட ஆய்வில் பிளாட்டினத்தைச் செல்லோபேனால் போர்த்தினார். ஆயினும் ஒப்பீட்டு மின்வாய் வெளியே இருந்தமையால் மின்சுற்று குருதியின் வழியாகவே முற்றுப்பெற்றது. 1954 அக்டோபர் 4 அன்று, இரு மின்வாய்களையும் ஒரே பாலித்தீன் சவ்வுக்குப் பின்னே வைக்கும் எண்ணம் அவருக்கு உதித்ததாகக் கூறப்படுகிறது. அயனிகளைத் தடுத்து ஆக்சிஜனை விடும் பாலித்தீன், பொருள்களைப் பொதியப் பயன்படும் மலிவான பொருளே. அது அமைந்ததும் மின்சுற்று முழுவதும் கருவிக்குள் அடங்கி, வெளியே இருப்பது குருதியா ஏரிநீரா என்பது வேதியியல் அளவில் பொருட்டற்றதாயிற்று. இவ்வளவு எளிய மாற்றம் ஓர் அளவீட்டுத் துறையையே திறந்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது. கண்டுபிடிப்பு 1956இல் வெளியாயிற்று. ஆக்சிஜன் அற்ற நிலையைப் பெற கிளார்க் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியைப் பயன்படுத்தியதே, 1962இல் லயன்ஸுடன் அவர் விவரித்த குளுக்கோஸ் மின்வாய்க்கு வித்திட்டது என்பர்.

இம்மின்வாய் தான் அளக்கும் ஆக்சிஜனையே நுகர்வதால், அசையாத நீரில் சவ்வின் அருகே ஆக்சிஜன் குறைந்து அளவு தாழ்வாகக் காட்டும். எனவே நீரைக் கலக்கிக்கொண்டே அளப்பர். வெப்பநிலை உயர்ந்தால் சவ்வின் ஊடுருவுதிறன் மிகுகிறது. மேலும் கருவி உணர்வது அழுத்தத்தையே என்பதால், லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்ல வெப்பநிலையும் உப்புத்தன்மையும் தெரிந்தாக வேண்டும்: காற்றுடன் சமநிலையிலுள்ள நன்னீர் 20 பாகை செல்சியஸில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கொள்ள, அதே நிலையில் கடல்நீர் குறைவாகவே கொள்ளும்.

1964இல் இங்கிலாந்தின் மெக்கரெத், ஈய நேர்மின்வாயுடன் வெளி மின்னழுத்தமின்றி இயங்கும் வகையை நன்னீர் ஆய்வுக்கென விவரித்தார்.

அண்மைக் காலத்தில், ஆக்சிஜனால் ஒளிர்வு தணிவதை அளக்கும் ஒளியியல் உணரிகள் பல பணிகளில் கிளார்க் மின்வாயின் இடத்தைப் பெற்றுவருகின்றன. அவை ஆக்சிஜனை நுகர்வதில்லை. மின்வேதி முறைக்கான பன்னாட்டுத் தரநிலை ஐஎஸ்ஓ 5814 ஆகும்.