கேரியரைப் பிடித்த கை

அறிவொளி இயக்கம் என்றதும் பலருக்குச் சிலேட்டும் அரிக்கேன் விளக்கும்தான் நினைவுக்கு வரும். எனக்குச் சைக்கிள். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் பழக்க வேண்டும் என்று அதை இயக்கத்தில் சேர்த்தவர் அவர்.

நான் அப்போது அங்கே வேலையில் இருந்தேன். கல்குவாரியில் சம்மட்டி பிடித்த கையிலும் நாற்று நட்ட கையிலும் பென்சில் லேசில் நிற்காது. 'அ' போட்டு முடிப்பதற்குள் வியர்த்துவிடும். நாற்பது வயதில் விரல் புதிதாக வளைய வேண்டுமே!

சைக்கிளிலும் அதே கதைதான். விழுகிற பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பினால்தான் வண்டி நிமிரும். இதை எத்தனை தடவை வாயால் சொன்னாலும் பயனில்லை, உடம்பே கண்டுபிடிக்க வேண்டும். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவருபவர் எப்போது கையை விட்டார் என்பதே ஓட்டுபவருக்குத் தெரியாது.

லேடீஸ் சைக்கிள் கிடைக்காததால் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். பிறகு சிலர் அதுவே தேவலை என்றார்கள். முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா? கேலி பேசியவர்களும் உண்டு, அதை விடுங்கள். ஒன்றரை வருஷத்தில் லட்சம் பெண்களுக்கு மேல் பழகியதாக அன்றைய கணக்கு.

தொடர்ந்து படிக்க வழியில்லாமல் எழுத்தை மறந்துபோன பெண்களை எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தம் உண்டு. அவர்களே பிறகும் கேரியரில் குடத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போய்வந்தார்கள்.