சத்தம் ஏறுதா, வண்டி ஏறுதா? – கார்புரேட்டர் காலத்தின் கதை



மேலநீலிதநல்லூரிலும் சங்கரன்கோவிலிலும் மெக்கானிக் கடை வைத்திருக்கும் என் மாணவர்கள் பலர் உண்டு. மன்னர்களுக்கு மட்டுமல்ல, அவர்களுடைய தொழிலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அது எழுதப்படாமலே போய்விடக் கூடாது என்பதற்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். எஞ்சினின் சக்தியை கியருக்குச் சேர்ப்பதும் பிரிப்பதும் கிளட்ச். ஹங்கேரி நாட்டுப் பொறியாளர்கள் பாங்கி, சோன்கா இருவரும் 1893-ல் ஒரு கார்புரேட்டருக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்தக் கருவி பிறகு நம் கரிசல் ரோட்டுக்கும் வந்து சேர்ந்தது.

1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டித்தான் முதலில் புல்லட் செய்தார்கள். பிறகு பாகங்களையும் திருவொற்றியூரிலேயே செய்தார்கள். இங்கிலாந்தில் கம்பெனியே மூடிய பிறகும் இங்கே புல்லட் நிற்கவில்லை. 1960-களில் ராஜ்தூத்தும் மைசூர் ஜாவாவும் வந்தன. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. 1985-ல் யமஹா ஆர்எக்ஸ் 100-ம் ஹீரோ ஹோண்டா சிடி 100-ம் வந்தன.

ஒவ்வொரு வண்டியும் மெக்கானிக்குக்கு ஒரு புதுப் பாடம். ராஜ்தூத்துக்கும் ஆர்எக்ஸுக்கும் பெட்ரோலோடு ஆயிலும் எரிய வேண்டும். ஜாவாவில் கிக்கரே கியர் லீவர். கியர் மாற்றும்போது கிளட்ச் தானாகப் பிரியும். டிவிஎஸ் 50-ல் கிளட்ச் பிடியே கிடையாது. வேகம் கூடினால் உள்ளே இருக்கும் ஷூ விரிந்து தானே பிடித்துக்கொள்ளும். இதற்கெல்லாம் தமிழில் பாடப்புத்தகம் யார் கொடுத்தார்கள்? ஹெல்ப்பராகச் சேர்ந்த பையன் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டே கற்றதுதான் எல்லாம்.

அந்தக் கல்வியின் முதல் பாடம் ஸ்பேனர் அல்ல, காது. "வண்டி இழுக்க மாட்டேங்குது அண்ணாச்சி" என்று ஒருவர் வந்து நிற்கிறார். கோளாறு கிளட்சிலா, கார்புரேட்டரிலா? நல்ல மெக்கானிக் எதையும் கழற்றாமல் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பார். ஆக்சிலேட்டரைத் திருகினால் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் ஸ்லிப் ஆகிறது. சத்தமே ஏறாமல் திணறினால் முதலில் பெட்ரோல் வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

கிளட்ச் என்றாலும் உடனே பிளேட் மாற்றக் கூடாது. முதலில் கேபிள். பிடியில் கொஞ்சம் லூஸ் இருக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் பிளேட் முழுதாகச் சேராது, நாளடைவில் தேய்ந்து போகும். அடுத்து ஆயில், பிறகு ஸ்பிரிங், கடைசியில்தான் பிளேட். காலையில் புல்லட்டைக் கிளப்பும் முன் பெரியவர்கள் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மிதி மிதிப்பார்கள். ராத்திரி ஆயிலில் ஒட்டிக்கொண்ட பிளேட்டுகள் பிரிவதற்காகத்தான் அது.

கார்புரேட்டரில் அடையாளங்கள் இன்னும் தெளிவு. பெட்ரோல் வழிகிறதா? ஃப்ளோட் ஊசியில் தூசி சிக்கியிருக்கலாம். ஆக்சிலேட்டரை விட்டவுடன் அணைகிறதா? பைலட் ஜெட் அடைப்பு. முழுதாகத் திருகும்போது மட்டும் திணறுகிறதா? மெயின் ஜெட்டைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றினால் கரிப்பிடித்துக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, பிஸ்கட் நிறம் என்றால் சரி. ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தக் கூடாது, காற்றுதான் அடிக்க வேண்டும். அது பித்தளை, துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அளவு தவறிவிடும்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்? ஒரு விவசாயிக்கோ தறிக்காரருக்கோ தேவையில்லாமல் கிளட்ச் பிளேட் மாற்றினால் போவது பல நாள் கூலி. கேபிள் திருகாணியை அரைச்சுற்றுத் திருப்பி, "போங்க, சரியாப் போச்சு" என்று அனுப்பிய மெக்கானிக்குகளை நான் அறிவேன். அறிவும் நேர்மையும் ஒன்றாக இருந்த இடம் அந்த எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த கடைகள்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ் 6 விதி வந்தது. புகையைக் குறைக்கக் கம்பெனிகள் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறின. இப்போது பெட்ரோலின் அளவைச் சென்சாரும் கம்ப்யூட்டரும் தீர்மானிக்கின்றன. காற்றுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் கோளாறு பார்க்க ஸ்கேனர் வேண்டும். அதை வாங்கச் சின்னக் கடைக்காரரிடம் பணம் வேண்டும். காதால் கற்ற தலைமுறை அதனால் ஒதுங்கி நிற்கிறது.

கடை வைத்திருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். கார்புரேட்டர் போனாலும் கிளட்ச் போகவில்லை. அதைவிட, எளியதை முதலில் பார், செலவானதைக் கடைசியில் தொடு என்ற முறை எந்த வண்டிக்கும் பொருந்தும். ஸ்கேனரையும் கற்றுக்கொள்ளுங்கள், காதையும் விட்டுவிடாதீர்கள். உங்களிடம் வேலை பழகும் பையனுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுங்கள். உங்கள் குருநாதர் சொன்ன ஒரு கைப்பக்குவத்தையாவது கீழே எழுதுங்கள். நம் ஊர்த் தொழில் வரலாறு அப்படித்தான் சேரும்.