வடகரை வீதியும் துவிச்சக்கர வண்டியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையை ஒட்டிப் பருத்தித்துறையிலிருந்து காங்கேசன்துறை நோக்கிச் செல்லும் வீதி நீளத்தாற் பெரியதன்று. 20 கிலோமீற்றருக்குச் சற்றே மேற்பட்ட அவ்வழியை, அவசரமில்லாத ஒருவர் துவிச்சக்கர வண்டியில் இரண்டு மணி நேரத்திற் கடந்துவிடலாம். ஏறுவதற்கு மலையில்லை, குறுக்கே பேராறும் இல்லை. வலப்புறத்தே கடலும் இடப்புறத்தே பனந்தோப்பும் வீட்டு வேலிகளும் மாறிமாறித் தோன்ற, வீதி மேற்கு நோக்கிச் செல்லும். இத்துணை எளிய வழியை முழுமையாகக் கடந்து செல்லும் உரிமையை அவ்வூர் மக்கள் ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் இழந்திருந்தனர்.

வழி எளிதானமைக்குக் காரணம் நிலத்தின் அமைப்பே. குடாநாடு முழுவதும் கடலடியிற் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. அக்கல் மழைநீரைத் தன்னுள் உறிஞ்சிக்கொள்வதால், நிலத்தை அறுத்தோடும் ஆறுகள் அங்கே தோன்றவில்லை. கல்லினூடே இறங்கிய நீர் கிணறுகளில் ஊறும். கீரிமலையிலே கடலருகிற் கேணியாய்ப் பொங்கும். தொண்டைமானாறு என்பதும் பெயரளவில் ஆறேயன்றி, உண்மையில் கடல்நீரேரியின் வாய்க்காலாகும். கருணாகரத் தொண்டைமான் என்பான் உப்பு ஏற்றுவதற்காக அதனை வெட்டுவித்தான் என்பது செவிவழிச் செய்தி.

மேடில்லாத இவ்வழியிலும் வண்டியோட்டிக்கு ஓர் ஏற்றம் உண்டு; அது காற்று. கச்சான் வீசும் நாளில் மேற்கு நோக்கிச் செல்பவன் மலையேறுபவனைப்போல் மூச்சிரைப்பான். திரும்பி வருங்காலோ மிதிக்காமலே வந்து சேர்வான். ஆதலின் அக்கரை மக்கள் புறப்படுமுன் பனையோலையின் அசைவைப் பார்த்துக்கொள்வது வழக்கம். கடலோடிகளின் வழிவந்தோர்க்கு இது புதிதன்று.

வீதி தோன்றுமுன் கடலே வீதியாயிருந்தது. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, மயிலிட்டித்துறை, காங்கேசன்துறை என ஊர்ப்பெயர்களே துறைகளாய் நிற்பதைக் காண்க. இவ்வூர்கள் நெடுங்காலம் ஒன்றையொன்று நோக்கியதினும் மிகுதியாக எதிர்க்கரையையே நோக்கி நின்றன. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூர் சென்றது. இந்தியக் கரையிலிருந்து ஓடு வந்தது. பர்மாவிலிருந்து அரிசி வந்தது. வல்வெட்டித்துறையார் தோணி கட்டுவதிலும் அதனைச் செலுத்துவதிலும் பெயர்பெற்றிருந்தனர். 1930இல் அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கக் கடலோடி விலைக்கு வாங்கினார். புதுப்பெயர் சூட்டப்பட்ட அக்கப்பல், வல்வெட்டித்துறை மாலுமிகளுடன் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. ஊரின் கடற்கரையிலே, ஊர்த் தச்சர் கைகளால் உருவான கலம் அது.

பாய்க்கப்பலின் காலம் மங்கத் தொடங்கியபோது கரையின் முகம் உள்நோக்கித் திரும்பியது. காங்கேசன்துறையில் 1893இல் வெளிச்சவீடு எழுந்தது. 1905இல் வடபாதைப் புகையிரதம் கொழும்பையும் காங்கேசன்துறையையும் இணைத்தது. பருத்தித்துறை வெளிச்சவீடு 1916இல் ஒளி வீசியது. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. கடலிற் சென்றவர்களின் பிள்ளைகள் கந்தோருக்கும் கல்லூரிக்கும் தொழிற்சாலைக்கும் செல்லலாயினர். அவர்களைச் சுமந்தது துவிச்சக்கர வண்டி.

இவ்வண்டி அம்மண்ணுக்கென்றே செய்யப்பட்டதோ என எண்ணத் தோன்றும். காற்றடைத்த சக்கரம் 1888இல் டன்லொப் என்பவரால் நடைமுறைக்கு வந்தது. பின்னர் இங்கிலாந்தின் றலி வண்டி, குடாநாட்டில் நன்மதிப்புக்கு ஓர் அடையாளமாகவே ஆயிற்று. தந்தையின் றலியைப் பல்லாண்டு துடைத்து எண்ணெயிட்டு மகன் ஓட்டிய குடும்பங்கள் பல. முன்பாரில் ஒரு பிள்ளை, பின்கரியரில் மனைவி, கைபிடியில் மரக்கறிப் பை என ஒரு குடும்பமே ஒரு வண்டியிற் கோயிலுக்குச் செல்லும். மீன்பெட்டியைக் கரியரிற் கட்டிய வியாபாரி, விடியுமுன் துறையிற் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் உள்ளூர்ச் சந்தைகளை அடைவார். மீன் பழுதாகுமுன் ஓடவேண்டிய அவருக்கு மேடற்ற வழி வசதி மாத்திரமன்று, அதுவே பிழைப்பு. மோட்டார் வாகனம் வாங்க இயலாதவர்க்கும் தூரத்தைத் தந்தது அவ்வண்டி. பெருஞ்செல்வர் வீட்டிலும் ஏழை வீட்டிலும் ஒரே பொருள் சுவரிற் சாய்ந்து நின்றது என்றால், சாதியும் செல்வமும் இறுக்கமாய்ப் பிரித்துவைத்த சமூகத்தில் அது சிறு செய்தியன்று.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி முதலிய வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினர். பின்னர் அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. வீதியின் மேற்பாதி மக்களின் பயன்பாட்டிலிருந்து மறைந்தது. கீரிமலையில் ஆடி அமாவாசைக்குத் தந்தையின் பிதிர்க்கடன் கழிக்க விரும்பியவரும் தாம் நினைத்தவாறு அங்குச் செல்ல இயலாதவராயினர். சில நாளிற் திரும்பலாம் என்று புறப்பட்டவர்கள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் முதுமை எய்தினர். அவர்தம் பிள்ளைகளுக்கு மயிலிட்டி என்பது தாய் சொல்லும் ஊராய் மாத்திரமே இருந்தது.

எஞ்சிய வீதியில் வண்டியின் மதிப்பு பன்மடங்கு உயர்ந்தது. எரிபொருள் தடைப்பட்டது, மோட்டார்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின, அல்லது நின்றன. நோயாளியும் விறகும் பாடப் புத்தகமும் துவிச்சக்கர வண்டியிற் சென்றன. முன்னர்ப் பெண்கள் வண்டியோட்டுவதைக் கண்டு முகஞ்சுளித்த முதியோரும், மகளை வண்டியில் வகுப்புக்கு அனுப்பப் பழகினர். தேவை வந்த இடத்தில் வழக்கம் வழிவிட்டது.

மின்சாரம் இல்லை, மின்கலமும் கிடைத்தற்கரிது என்ற நிலையில் அவ்வண்டி ஓடாமல் நின்றும் பணி செய்தது. வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைச் சுழற்ற, சில்லில் உராயும் டைனமோ தந்த மின்னிலே வானொலி பேசும். செய்தி நேரம் நெருங்கினால் அயல்வீட்டாரும் கூடுவர். சுழற்றும் கை தளர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் தளரும். இடையிற் கைமாறும்போது ஒரு சொல் விழுங்கப்படும். அவ்வொரு சொல் ஓர் ஊரின் பெயராயிருப்பின், கேட்டோரின் தவிப்பைச் சொல்லவேண்டியதில்லை. கொழும்பில் ஒலிபரப்புக் கூடத்திலிருந்து செய்தி வாசித்தவர்களுக்குத் தங்கள் குரல் இவ்வாறு கையாற் சுழற்றிக் கேட்கப்படுவது தெரிந்திருக்குமோ, தெரிந்திராதோ.

2004 டிசம்பர் 26இல் வேறோர் இடர் கடல்வழியே வந்தது. வடமராட்சிக் கரையில் ஆழிப்பேரலை உயிர்களைக் கொண்டு சென்றது. கடலை ஒட்டிய வீடுகளையும் வள்ளங்களையும் உடைத்தது. முன்னோர் கடலுக்கு அண்மையில் இருந்ததன் பயனை நெடுங்காலம் நுகர்ந்த ஊர்கள், அவ்வண்மையின் விலையை ஒரு காலையிற் செலுத்தின.

போர் 2009இல் முடிந்தபின்னும் வழி உடனே திறக்கவில்லை. நிலங்கள் துண்டு துண்டாகவே மீண்டன. 2015 ஜனவரியில் புகையிரதம் மீண்டும் காங்கேசன்துறையை அடைந்தது; அவ்வாண்டிலேயே வளலாயில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது. 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகளுக்குப் பின் மக்களிடம் மீண்டது. காத்திருந்தோரிற் பலர் அந்நாளைக் காணாமலே மறைந்துவிட்டனர். திரும்பியோர்க்கும் வீடு இருந்த இடம் எளிதிற் புலப்படவில்லை. மதிலும் வேலியும் இல்லாத பற்றைக்காட்டில், கிணற்றைக் கண்டே தம் வளவை அடையாளங் கண்டனர்.

இக்காலத்தில் வெளிநாட்டினரும் தென்னிலங்கையரும் வாடகை வண்டியேறி இக்கரையோரம் செல்கின்றனர். களைப்பின்றிச் செல்லத்தக்க வழி என்று அவர்கள் மகிழ்வர், அது மெய்யே. காலை வேளையிலே பருத்தித்துறையிற் புறப்பட்டால் வெயில் முதுகில் விழும், கண் கூசாது. வல்வெட்டித்துறை ஒழுங்கைகளிற் சற்று இறங்கி நடப்பது நன்று. தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி முருகன் கோயிலருகே நிழலும் நீரும் உண்டு. அதற்கப்பால் ஓட்டத்தில் விரைவு வேண்டா. மதிலற்ற வளவுகளும், கூரையில்லாத சுவர்களும், அவற்றினூடே வளர்ந்து மரமான ஆலங்கன்றுகளும் அங்கே உள்ளன. அவற்றின் அருகே புதுக் கல் அடுக்கிச் சாந்து பூசிக்கொண்டிருப்பவர் கையுயர்த்திக் காட்டினால், நின்று ஒரு வார்த்தை பேசிச் செல்வது அந்நாட்டு வழக்கம். அவருடைய வண்டியும் அருகே பூவரசில் சாய்ந்து நிற்கும்.